பிரிதிறனைக் கூட்டுவதும் குறைப்பதும்: வடிவமைப்பு மேசையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் அச்சு வேலைக்கு வருகிறவர்கள் கொண்டுவருவது கலியாண அட்டை, திருவிழா நோட்டீஸ், பாடசாலை மலர், கடைப் பனர், கல்வெட்டு (இறந்தவர் நினைவாக அச்சிடும் சிறு நூல்) என்று எதுவாக இருந்தாலும், கேட்கும் சந்தேகம் பெரும்பாலும் ஒன்றேதான்: படம் ஏன் மங்குகிறது, எந்த எண்ணை மாற்றினால் சரிவரும்? கேட்பவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதியிருக்கிறேன். மென்பொருள்களின் மெனுப் பெயர்கள், திரையில் உள்ள ஆங்கிலச் சொற்கள் ஒலிக்கிறபடியே தரப்பட்டுள்ளன.

பிரிதிறன் என்றால் என்ன? பிக்சலும் பிபிஐயும் ஒன்றுதானா?

பிரிதிறன் (ரெசல்யூஷன்) என்பது ஓர் அங்குலத்துக்குள் புள்ளிகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பது. பிக்சலும் பிபிஐயும் ஒன்றல்ல. பிக்சல் என்பது படத்தில் உள்ள புள்ளி. 12 மெகாபிக்சல் கைத்தொலைபேசி எடுக்கும் படத்தில் குறுக்கே 4000, நெடுக்கே 3000 பிக்சல்கள் இருக்கும். உங்கள் கையிருப்பு அவ்வளவுதான். பிபிஐ (பிக்சல்ஸ் பர் இன்ச்) என்பது அந்தக் கையிருப்பை ஓர் அங்குலத்துக்கு எத்தனையாகப் பரப்ப வேண்டும் என்று கோப்புக்குள் எழுதிவைத்த ஓர் அறிவுறுத்தல் மட்டுமே.

இரண்டு புசல் விதைநெல்லை ஓர் ஏக்கரில் வீசினால் பயிர் நெருக்கமாக வரும். அதே நெல்லை ஐந்து ஏக்கரில் வீசினால் இடையில் மண்தான் தெரியும். 4000 பிக்சலை 300 பிபிஐயில் பரப்பினால் 13.3 அங்குலம் வரும், 100 பிபிஐயில் பரப்பினால் 40 அங்குலம் வரும். இரண்டிலும் பிக்சல் அதே 4000தான்.

பிபிஐ, டிபிஐ: எதைச் சொல்வது சரி?

படத்தின் பிக்சலுக்குப் பிபிஐ, அச்சு இயந்திரம் இடும் மைப்புள்ளிக்கு டிபிஐ. பிரிண்டர் பெட்டியில் 1200, 1440 என்று போட்டிருப்பது மைப்புள்ளிக் கணக்கு. ஒரு பிக்சலின் நிறத்தைக் காட்டவே பல மைப்புள்ளிகள் தேவைப்படுவதால் அந்த எண் பெரிதாக இருக்கிறது. அதற்காக உங்கள் படத்தை 1440க்கு உயர்த்த வேண்டியதில்லை. கடைகளில் இரண்டையும் டிபிஐ என்றே சொல்வார்கள். அதில் சண்டை பிடிக்க ஒன்றுமில்லை.

போட்டோஷொப்பில் 72 என்று இருந்ததை 300 என்று மாற்றிவிட்டேன். இப்போது படம் தெளிவாகிவிட்டதுதானே?

இல்லை. அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான். ‘இமேஜ் சைஸ்’ பெட்டியில் ‘ரீசாம்பிள்’ என்று ஒரு சிறிய சதுரம் இருக்கிறது. அதில் சரி அடையாளம் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து நீங்கள் செய்வது முற்றிலும் வேறான இரண்டு வேலைகள்.

800க்கு 600 பிக்சல் படம் ஒன்று 72 பிபிஐயில் இருக்கிறது என்று கொள்வோம். அது 11.1 அங்குல அகலம் காட்டும். ரீசாம்பிளை எடுத்துவிட்டு 300 என்று எழுதினால் பிக்சல் மாறாது, அகலம் 2.67 அங்குலமாகச் சுருங்கும். அந்தப் படத்தை எந்த அளவுக்கு நம்பி அச்சிடலாம் என்பதற்கு மென்பொருள் சொல்லும் நேர்மையான பதில் அது. ரீசாம்பிளை வைத்துக்கொண்டே 300 என்று எழுதினால் அகலம் 11.1 அங்குலமாகவே நிற்கும். பிக்சல் 3333க்கு 2500 ஆகப் பெருகும். கூடுதலாக வந்த அத்தனையும் பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து மென்பொருள் ஊகித்துப் போட்டவை. கண்ணிமையில் இல்லாத மயிர் அதனால் முளைக்காது. எண் 300 என்று காட்டும், படம் முன்போலவே மங்கலாக இருக்கும்.

ஆகவே ரீசாம்பிளை முதலில் எடுத்துவிட்டு, கையில் உள்ளது எத்தனை அங்குலம் தாங்கும் என்று பாருங்கள். பிறகு முடிவெடுங்கள். இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளில் இந்த இரண்டு வேலைகளும் ‘பிரிண்ட் சைஸ்’, ‘ஸ்கேல் இமேஜ்’ என்று இரண்டு தனி மெனுக்களாக இருக்கின்றன. படிக்கிற பிள்ளைகளுக்கு அதுவே குழப்பம் குறைந்த வழி என்பது என் எண்ணம்.

300 என்ற எண் எங்கிருந்து வந்தது? எல்லாவற்றுக்கும் 300தானா?

ஓப்செட் அச்சில் படம் சிறு புள்ளி வரிசைகளாக விழும். நல்ல தாளில் அங்குலத்துக்கு 150 வரிசை என்பது பரவலான வழக்கம். ஒரு வரிசைக்கு இரண்டு பிக்சல் என்று கணக்கிட்டால் 300. பத்திரிகைத் தாள் மையை உறிஞ்சும் என்பதால் அங்கே 85 முதல் 100 வரிசைதான். 170 முதல் 200 பிபிஐ போதும். மாறாக, கறுப்பு வெள்ளைக் கோட்டுப்படம், கையொப்பம், பாடசாலை இலச்சினை போன்றவற்றுக்கு 300 குறைவு. கோட்டின் ஓரம் பல் பல்லாகத் தெரியாமல் இருக்க 600 முதல் 1200 வரை வேண்டும்.

72 என்பது 1984இல் வந்த முதல் மெக்கின்டொஷ் கணினித் திரையின் அளவு. ஒரு பிக்சலும், எழுத்தை அளக்க அச்சுத் தொழிலில் பயன்படும் ஒரு பாயிண்டும் (அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு) சமமாக இருக்கும்படி அதை அமைத்தார்கள். இன்றைய திரைகளுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ஆனாலும் எண் மட்டும் மென்பொருள்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் பேஸ்புக்கில் போடுவதற்கு எத்தனை வைப்பது?

எதையும் வைக்கலாம். திரை பிபிஐ எண்ணைப் பார்ப்பதில்லை, பிக்சலை மட்டுமே பார்க்கிறது. 1080க்கு 1080 என்று செய்த அறிவித்தல் 72இலும் 300இலும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

அண்ணா, பத்தடிக்கு நாலடி பனருக்கும் 300 வைக்கட்டுமா?

வேண்டாம். பத்தடி என்றால் 120 அங்குலம். 300 பிபிஐயில் அது 36,000 பிக்சல், உயரம் 14,400 பிக்சல். மொத்தம் 51 கோடிக்கும் மேல். அச்சுக்கான நான்கு மை நிறமுறையான சிஎம்வைகேயில் ஒரே ஓர் அடுக்கே (லேயர்) 2 ஜிபியைத் தாண்டிவிடும். அதற்கு மேல், போட்டோஷொப்பின் வழக்கமான பிஎஸ்டி கோப்பு நீளத்திலோ அகலத்திலோ 30,000 பிக்சலுக்கு மேல் ஏற்காது. பிஎஸ்பி என்ற பெரிய வகையில்தான் சேமிக்க வேண்டும். வேலை முடியுமுன் மின்சாரம் நின்றால் எல்லாம் போச்சு. இதையே 72 பிபிஐயில் செய்தால் 8640க்கு 3456 பிக்சல். அடுக்கு ஒன்றுக்கு 120 எம்பிக்குள் அடங்கும்.

மங்கிவிடாதா என்று உடனே கேட்பார்கள். பார்க்கும் தூரத்தைக் கொண்டுதான் அதைச் சொல்ல முடியும். நல்ல பார்வையுள்ள ஒருவரின் கண் பிரித்தறியக்கூடிய நுட்பத்தை அறிய, 3438 என்ற எண்ணைத் தூரத்தின் அங்குல அளவால் வகுத்தால் போதும். கையில் பிடித்து ஓர் அடித் தூரத்தில் வாசிக்கும் நோட்டீசுக்கு 286 வரும். ஏறக்குறைய நம் 300. பத்தடித் தூரத்தில் நின்று பார்க்கும் பனருக்கு 29தான் வரும். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகிற வழியில் பஸ்ஸில் இருந்து பார்க்கிறவருக்கு அதைவிடவும் குறைவு. ஆகவே வீதியோரப் பனருக்கு 72 தாராளம். மண்டப வாசலில் அருகே நின்று படம் எடுக்கும் பின்னணித் திரைக்கு 100 முதல் 150 வைக்கலாம்.

இதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. 12 மெகாபிக்சல் படத்தைப் பத்தடிப் பனரின் முழு அகலத்துக்கும் விரித்தால் 33 பிபிஐ. பத்தடித் தூரத்துக்கு அது போதும். பனரைக் கெடுப்பது பெரும்பாலும் பிரிதிறன் அல்ல, இருட்டில் நடுங்கிய கையால் எடுத்த படம்.

எங்கள் கணினி 72இலேயே திணறுகிறது. சின்னதாகச் செய்து பிறகு பெருப்பிக்கலாமா?

பத்தில் ஒரு பங்கு அளவில் செய்யும் வழக்கம் உண்டு: 12 அங்குலத்துக்கு 4.8 அங்குலம், பிரிதிறன் 720. கணக்குப் போட்டுப் பாருங்கள், பிக்சல் அதே 8640தான் வரும். கணினிக்கு ஒரு துளிச் சுமையும் குறையாது. அளவுக் கட்டுப்பாடு உள்ள மென்பொருள்களில்தான் அந்த முறை பயன்படும். உதாரணமாக இல்லஸ்ட்ரேட்டரின் வழக்கமான பக்கம் 227 அங்குலத்துக்குச் சற்று மேல், அதாவது 19 அடிக்குச் சற்றுக் குறைவு. அதற்கு மேற்பட்ட பனரைக் குறைத்துச் செய்து, அளவு விகிதத்தை அச்சிடுபவருக்கு எழுதிக் கொடுக்கலாம்.

திணறல் குறைய வேண்டுமானால் வேலையைப் பிரியுங்கள். முகமும் பின்னணியும் மட்டும் போட்டோஷொப்பில். எழுத்து, கரை, கொடி, குத்துவிளக்கு எல்லாம் கொரல்ட்ரோவில் அல்லது இல்லஸ்ட்ரேட்டரில். கோடாக வரைந்தவற்றுக்குப் பிக்சல் இல்லை, எந்த அளவுக்கும் பெருப்பிக்கலாம்.

கனடாவில் இருந்து மாமா வட்ஸ்அப்பில் அனுப்பிய படம். அங்கே நன்றாக இருந்ததாம், இங்கே ஏன் இப்படி?

வட்ஸ்அப் வழக்கமான முறையில் அனுப்பும் படத்தின் நீளப்பக்கத்தைப் பெரும்பாலும் 1600 பிக்சல் அளவுக்குச் சுருக்கி, கோப்பின் எம்பி குறையும்படி மேலும் நெருக்கிவிடும் (கம்பிரஸ் செய்யும்). 300 பிபிஐயில் அது 5.3 அங்குலம். நோட்டீசின் மூலையில் போடும் படத்துக்கு அது போதும். ஏ4 முழுப்பக்கத்துக்குப் போதாது. எச்டி என்று தெரிவுசெய்து அனுப்பினால் ஓரளவு மேல். படமாக அல்லாமல் ‘டொகியூமென்ட்’ ஆக இணைத்து அனுப்பச் சொன்னால் மூலக்கோப்பு அப்படியே வரும். மாமாவுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினால் முடிகிற காரியம்.

ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்புவதைத்தான் நான் வெறுக்கிறேன். படத்தின் அளவு போய்த் திரையின் அளவு வந்துவிடுகிறது. 1080 பிக்சல் அகலத் திரை என்றால் 300 பிபிஐயில் 3.6 அங்குலம், அதிலும் பாதி மேலும் கீழும் உள்ள கறுப்புப் பட்டை.

படம் 3 எம்பி இருக்கிறதே, போதாதா?

எம்பியை வைத்துச் சொல்ல முடியாது. ஜேபெக் நெருக்கத்தைப் பொறுத்து ஒரே பிக்சல் அளவுள்ள படம் 800 கேபியாகவும் இருக்கலாம், 6 எம்பியாகவும் இருக்கலாம். வானமும் வயலும் உள்ள படம் சிறிதாக நெருங்கும், தேர்த்திருவிழாக் கூட்டம் நெருங்காது. கோப்பின் விவரத்தில் பிக்சல் எண்ணைப் பாருங்கள்.

தம்பி, அப்பாவின் படம் என்று மிஞ்சியது அடையாள அட்டையில் இருக்கிற இது மட்டும்தான். கல்வெட்டின் முன்அட்டைக்குப் போடலாமா?

போடலாம். 2009க்கு முந்திய இடப்பெயர்வுகளில் அல்பங்களை விட்டுவிட்டு வந்த குடும்பங்களுக்கு வன்னியில் குறைவில்லை. இந்தக் கேள்வி வராத மாதம் இல்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், அட்டையைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பாதீர்கள். அட்டையையே கொண்டுவாருங்கள், அல்லது ஸ்கானர் உள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள். ஸ்கானரில் 1200 என்று வையுங்கள். முகம் உள்ள பகுதி ஓர் அங்குல அகலம் என்றால் 1200 பிக்சல் கிடைக்கும். 300 பிபிஐயில் 4 அங்குலம். ஏ5 கல்வெட்டின் அட்டை ஏறக்குறைய 5.8 அங்குல அகலம் என்பதால் சட்டமிட்டுப் போட அதுவே அளவு. 35க்கு 45 மில்லிமீற்றர் பாஸ்போட் படம் என்றால் இன்னும் நல்லது: 1650க்கு 2120 பிக்சல் அளவில் வரும். ஸ்கானரில் 9600, 19200 என்றெல்லாம் இருந்தாலும் தொடாதீர்கள். அவை பெரும்பாலும் கண்ணாடிக்குக் கீழே உள்ள உணரியின் உண்மையான அளவு அல்ல; மூன்றாவது கேள்வியில் சொன்ன அதே ஊகம்தான், ஸ்கானருக்குள் நடக்கிறது. 1200க்கு மேல் போனால் சிறிய தாள்படத்தில் முகத்தின் விவரம் அதிகரிக்காது, தாளின் நாரும் கீறலும்தான் அதிகமாகத் தெரியும்.

பிளாஸ்டிக் உறையைக் கிழிக்க வேண்டாம். படத்தின் மேற்பரப்பு உறையோடு உரிந்துபோகலாம். ஸ்கானரில் உறையோடே வைத்து, ஒருமுறை நேராகவும் ஒருமுறை திருப்பியும் எடுத்தால், ஒளித்தெறிப்பு ஒன்றில் விழுந்த இடம் மற்றதில் சுத்தமாக இருக்கும். கறுப்பு வெள்ளைப் படமானாலும் வண்ணத்திலேயே ஸ்கான் செய்யுங்கள். மஞ்சள் கறை, படத்தின் நீல அலைவரிசையில் (சானல்) கறுப்பாகவும் சிவப்பு அலைவரிசையில் மங்கலாகவும் விழும். சிவப்பை மட்டும் எடுத்துக்கொண்டால் கறையில் பாதி தானாகவே போய்விடும். சேமிப்பது ஜேபெக் ஆக அல்ல, படத்தில் எதையும் இழக்காத டிஃப் வகைக் கோப்பாக. அந்தக் கோப்பைத் திருத்தாமல் ஒரு பிரதி வீட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள். அச்சகத்துக்குக் கொடுப்பது இரண்டாவது பிரதி.

அண்ணா, அக்காவின் முகம் பழைய கலியாண வீடியோவில் மட்டும்தான் இருக்கிறது. அதிலிருந்து எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் சிறிதாக. இலங்கையில் பழைய வீடியோக்கள் பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் 720க்கு 576 பிக்சல். முழுச் சட்டகமே 300 பிபிஐயில் 2.4 அங்குலம்தான். அதில் முகம் கால்வாசி இருந்தால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். பழைய வீடியோவில் ஒரு சட்டகத்தை இரண்டு பாதி வரிகளாகப் பதிவார்கள். ஆள் அசைந்தால் முகத்தில் சீப்புப் பல்போல் வரி விழும். ஆகவே அவர் அசையாமல் நிற்கும் கணத்தைத் தேடுங்கள். 150 பிபிஐக்கு இறங்கி, படத்தை வட்டத்துக்குள் சிறிதாக வைத்து, சுற்றிலும் வெற்றிடம் விட்டால் பார்க்க மரியாதையாக இருக்கும். பக்கம் நிறையப் பெருப்பித்தால் ஆளைத் தெரியாது.

இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் நான்கு மடங்கு பெருப்பித்துத் தருகின்றனவே, பிறகு ஏன் இவ்வளவு கஷ்டம்?

அவையும் ஊகிக்கின்றன, ஆனால் பக்கத்துப் பிக்சலைப் பார்த்து அல்ல. எத்தனையோ பேரின் படங்களைப் பார்த்துப் பழகியதை வைத்து. கோபுரம், மரம், இரணைமடுக் குளத்தின் நீர்ப்பரப்பு போன்றவற்றுக்கு நானே பயன்படுத்துகிறேன், பிழையில்லை. 1200 பிக்சல் நல்ல ஸ்கானை இரண்டு மடங்காக்குவதிலும் பெரிய ஆபத்து இல்லை.

60 பிக்சல் அகல முகத்தைக் கொடுத்தால் கதை வேறு. கண் பளிச்சென்று வரும், பல் வரிசையாக வரும், தோல் மினுங்கும். ஆனால் அது வேறு யாரோ. இறந்தவரின் படத்துக்கு அதை நான் செய்வதில்லை, கேட்டு வருகிறவர்களிடமும் அப்படியே சொல்லிவிடுவேன். மங்கலாக இருந்தாலும் அவருடைய முகம் இருக்கட்டும்.

ஒரு கோப்பில் பெரிதாக இருந்த படம், இன்னொன்றில் ஒட்டினால் ஏன் குட்டியாகிறது?

முதற்கோப்பு 72, இரண்டாவது 300 பிபிஐ. 1000 பிக்சல் படம் முதலாவதில் 13.9 அங்குலமாகத் தெரிந்தது, இரண்டாவதில் 3.3 அங்குலம் ஆனது. எதுவும் தொலையவில்லை. இழுத்துப் பெரிதாக்கினால் ஊகம் தொடங்கும். அதுபோல ரீசாம்பிள் இல்லாமல் 72ஐ 300 ஆக்கினால் 12 பாயிண்ட் எழுத்து 2.88 பாயிண்ட் என்று காட்டும். பயப்பட வேண்டாம், தாளும் அதே விகிதத்தில் சுருங்கியிருக்கிறது.

சிறிதாக்கி மறுபடி பெரிதாக்குவதுதான் உண்மையான இழப்பு. படத்தை உள்ளே கொண்டுவந்ததும் ‘ஸ்மார்ட் ஒப்ஜெக்ட்’ ஆக்கிவிட்டால் மூலப் பிக்சல்கள் உள்ளே பத்திரமாக இருக்கும், எத்தனை தரமும் அளவை மாற்றலாம்.

கொரல்ட்ரோவிலும் இல்லஸ்ட்ரேட்டரிலும் பிரிதிறனை எங்கே மாற்றுவது?

கோடுகளுக்கும் எழுத்துக்கும் மாற்ற ஒன்றுமில்லை. ஆனால் நிழல், ஒளிவட்டம், மங்கல் போன்றவை உள்ளுக்குள் பிக்சலாகவே உருவாகின்றன. இல்லஸ்ட்ரேட்டரில் ‘எபெக்ட்’ மெனுவில் ‘டொகியூமென்ட் ராஸ்டர் எபெக்ட்ஸ் செட்டிங்ஸ்’ என்பதில் 72 இருந்தால், கலியாண அட்டையின் நிழல் கட்டம் கட்டமாக அச்சாகும். 300 ஆக்குங்கள். கொரல்ட்ரோ புதிய கோப்புத் திறக்கும்போதே இந்த எண்ணைக் கேட்கும்.

உள்ளே வைத்த படங்களுக்கு வேறு கணக்கு. 300 பிபிஐ படத்தை நான்கு மடங்கு இழுத்தால் அது இப்போது 75தான், கோப்பின் தலைப்பில் 300 என்று எழுதியிருந்தாலும். இல்லஸ்ட்ரேட்டரிலும் இன்டிசைனிலும் ‘லிங்க்ஸ்’ பலகத்தில் இந்த நடைமுறை எண் தெரியும். கொரல்ட்ரோவில் படத்தைத் தெரிவுசெய்தால் திரையின் அடியில் வரும்.

எழுத்தின் ஓரம் பல் பல்லாக இருக்கிறது. படம் மட்டும் நன்றாக இருக்கிறதே?

போட்டோஷொப்பில் எழுதி ஜேபெக் ஆக அனுப்பியிருக்கிறீர்கள். எழுத்தும் பிக்சலாகிவிட்டது. பிடிஎப் ஆகச் சேமித்தால் எழுத்து கோடாகவே போகும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்து, கோப்பைத் திறந்தபடியே கொடுப்பதானால், எழுத்தைக் கோடாக மாற்றிவிட்டுக் கொடுங்கள். இல்லையேல் அச்சகக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் அம்மன் பெயர் ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும்.

டீச்சர் வேர்டில் செய்த பாடசாலை மலர். படங்கள் நல்ல கமராவில் எடுத்தவை. ஆனால் அச்சில் சப்பென்று இருக்கிறதே?

வேர்ட் சேமிக்கும்போது படங்களை வழக்கமாக 220 பிபிஐக்குக் குறைத்துவிடும். அந்த அளவிலேயே வைத்தால் பெரிய குறையில்லை. பிரச்சினை, சிறிதாக வைத்துச் சேமித்துவிட்டுப் பிறகு அதே படத்தைப் பக்கம் நிறைய இழுப்பதில் வருகிறது. ‘பைல்’, ‘ஒப்ஷன்ஸ்’, ‘அட்வான்ஸ்ட்’ என்று போய்ப் படங்களை நெருக்காதே என்ற தெரிவை அடையாளமிட்டுவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும். முடிந்த மலருக்கு, மூலப் படங்களைத் தனி உறையில் கொண்டுவந்து மறுபடி வைப்பதைத் தவிர வழியில்லை. மூலப் படங்களை அழித்துவிடாதீர்கள் என்று ஒவ்வொரு பரிசளிப்பு விழாக் காலத்திலும் சொல்லி வருகிறேன்.

கன்வாவில் பிபிஐ எழுத இடமே இல்லையே?

இல்லை. தொடங்கும்போதே அளவை மில்லிமீற்றரில் கொடுங்கள், இறக்கும்போது ‘பிடிஎப் பிரிண்ட்’ என்பதைத் தெரிவுசெய்யுங்கள், 300இல் வரும். பிஎன்ஜி ஆக இறக்கிக் கொண்டுவந்தால் ஏ4 நோட்டீசுக்குத் தேவையான 2480க்கு 3508 பிக்சல் பெரும்பாலும் இருக்காது.

அச்சிட்டுப் பணம் கொடுத்த பிறகுதான் மங்கல் தெரிகிறது. முன்பே பார்க்க வழி உண்டா?

திரையில் முழுப் பனரையும் பார்த்து முடிவெடுக்க முடியாது. சுருங்கிய படம் எப்போதும் அழகாகத்தான் இருக்கும். முகம் உள்ள இடத்தில் 8 அங்குலத்துக்கு 11 அங்குலம் மட்டும் வெட்டி, அளவை மாற்றாமல் ஏ4 தாளில் அச்சிடுங்கள். பிரிண்டர் பெட்டியில் ‘பிட் டு பேஜ்’ என்பது அடையாளமிடப்பட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். அந்தத் தாளைச் சுவரில் ஒட்டி, பனர் தொங்கப்போகும் தூரத்துக்குப் பின்னால் போய் நின்று பாருங்கள். கல்வெட்டு, நோட்டீஸ் என்றால் கையில் வைத்தே பார்க்கலாம். அந்த ஒரு தாளுக்குக் கடைக்காரர் காசு கேட்டாலும் கொடுங்கள்.